பத்து ஐம்பத்திரண்டு

ஏட்டு மூன்றாவது தடவையாக அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வண்டி உங்க வீட்டுக்காரர் பேர்லதான இருக்குதுங்க. அவரே இல்லைங்கறப்ப கேஸ் எங்கிருக்குது? இறப்புச் சான்றிதழைக் குடுத்துட்டுப் போங்கம்மா. அஞ்சு பைசா கட்ட வேண்டியதில்லை."

அவள் பெஞ்சை விட்டு எழவில்லை.

போக்குவரத்து வழக்குகளுக்கான கோர்ட். காலையிலேயே கூட்டம். போன் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள், ஒருவழிப் பாதையில் எதிரே வந்தவர்கள், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனவர்கள். எல்லோருக்கும் அபராதத்தில் ஏதாவது குறைத்தால் தேவலை.

அவளுக்குக் குறையக் கூடாது.

கையில் இரண்டு தாள்கள்.

ஒன்று ஆஸ்பத்திரி கொடுத்தது. மதியம் 12.05. உயிரற்ற நிலையில் கொண்டுவரப்பட்டார்.

பொய்.

பதினோரு மணிக்கு முன்பே கணவரைக் கொண்டுபோய்விட்டாள். முன்பணம் கட்டினால்தான் டாக்டர் பார்ப்பார் என்றார்கள். எதிர் வீட்டு ஆறுக்குட்டி பணத்துக்கு ஓடினார். வராந்தா நாற்காலியில் சாய்ந்திருந்தவர் தண்ணீர் கேட்டார். பிறகு கேட்கவில்லை.

வாசல் கேமராப் பதிவைக் கேட்டுப் போனாள். அன்றைக்கு ரிப்பேராம். அன்றைக்கு மட்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒரு மனிதரை மறைப்பார்கள் என்று நினைக்கவில்லை.

இரண்டாவது, போலீஸ் அனுப்பிய அபராத நோட்டீஸின் அச்சுப் பிரதி. பதினாறாம் நாள் காரியத்தன்று, செத்துப்போனவரின் செல்போனுக்கு வந்தது. ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர். ஹெல்மெட் இல்லை. சிவப்பு விளக்கைத் தாண்டியது.

ஆறுக்குட்டிக்கு ரத்தம் கொதித்தது. இதற்குக்கூடவா நேரம் காலம் கிடையாது என்று பல்லைக் கடித்தார். தானே கட்டித் தொலைத்துவிடுகிறேன் என்று போனில் எண்களைத் தட்டினார்.

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நோட்டீஸில் சிக்னல் கேமரா எடுத்த படம். அதன் கீழே நேரம் இருந்தது. காலை 10.52.

அந்தச் சிக்னலில் நின்றால் ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். செல்போன் படத்தில் நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதனால்தான் இந்தப் பெஞ்ச். கேஸை முடித்துவிட்டால் அந்த 10.52-ஐயும் சேர்த்து மூட்டை கட்டிவிடுவார்கள். கோர்ட் அதை நிஜம் என்று ஏற்க வேண்டும். சீல் வைத்துத் தர வேண்டும்.

டவாலி கூப்பிட்டார்.

நஞ்சப்பன். நஞ்சப்பன். நஞ்சப்பன்.

மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம். மூன்றாவது தடவைக்கு முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

ஏட்டு முந்திக்கொண்டு, ஓனர் இறந்துவிட்டார் என்றார். மாஜிஸ்திரேட் அம்மா பேனாவை எடுத்தார். அரை நிமிட வேலை.

"ஓட்டுனது நானுங்க."

பேனா நின்றது.

ஒப்புக்கொண்டால் அபராதம் அவள் பெயருக்கு வரும் என்று மாஜிஸ்திரேட் எடுத்துச் சொன்னார். தெரியும் என்றாள். எங்கே போனீர்கள் என்று கேட்டார். பதிலுக்கு ஆஸ்பத்திரித் தாளை நீட்டினாள்.

அவர் அதைப் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் அதைப் படித்தார்.

அவள் அந்தப் படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பாள். முன்னால் அவள், வாய் திறந்தபடி. எதையோ கத்திக்கொண்டு போயிருக்கிறாள். பின்னால் ஆறுக்குட்டி, நடுவில் இருப்பவரைக் கட்டிப் பிடித்தபடி.

நடுவில் அவர்.

ஆள் நடமாட்டமே இல்லாத விடிகாலையிலும் சிவப்பு விழுந்தால் நிற்பார். பின்னால் வருகிறவன் ஏசினாலும் அசைய மாட்டார். அவள் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறாள்.

படத்தில் அவர் வலது கை வெளியே நீண்டிருந்தது. குறுக்கே வந்த பஸ்ஸை நோக்கி. உள்ளங்கையை விரித்து, நில்லுங்கள் என்று.

உயிரற்ற நிலையில்.

மாஜிஸ்திரேட் அந்தக் கையின் மேல் விரலை வைத்தார்.

"இது யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரருங்க."

மாஜிஸ்திரேட் இரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்தார். உயிரைக் காப்பாற்றப் போயிருக்கிறீர்கள், எச்சரித்து விட்டுவிடுகிறேன் என்றார். அதிலும் இரக்கம்தான். இரக்கப்பட்டு இரக்கப்பட்டே அவளை வெறுங்கையோடு அனுப்பப் பார்க்கிறார்கள்.

"விட்டுட வேண்டாங்க. தப்புன்னே எழுதுங்க. நேரத்தையும் போட்டு எழுதுங்க."

பெஞ்ச் கிளார்க் நிமிர்ந்து மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்.

மாஜிஸ்திரேட் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காலை பத்து ஐம்பத்திரண்டு. எழுத்திலும் போடுங்கள், எண்ணிலும் போடுங்கள். படத்தையும் சேருங்கள்.

நகல் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. சீல் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. நேரத்தின் மேல் விழவில்லை.

நகலைப் பையில் வைத்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அதே சிக்னல். சிவப்பு.

கோட்டுக்குப் பின்னாலேயே நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டாள். எதிரே ஆஸ்பத்திரி வாசல். பின்னால் நின்றவன் விடாமல் ஹாரன் அடித்தான்.

அடிக்கட்டும். பச்சை விழட்டும். ஆஸ்பத்திரி எங்கும் ஓடிவிடாது.