மிச்சமிருந்த ஓட்டை

கீபோர்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தட்டை வைத்தார் மாமா சங்கிலி. தட்டில் ஒரு வெற்றிலை, அதன் மேல் சூடம்.

"ஜோதி எங்கன போயிருக்கான்னு ஒனக்குத் தெரியாதுல்ல? அணைச்சுச் சத்தியம் பண்ணு."

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுரேஷ்கண்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குள் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பா ராக்கையா வாசலில் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார்.

நேற்று விடிந்தபோது தங்கச்சி ஜோதிலட்சுமி வீட்டில் இல்லை. செல்லை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கும் மாமா மகன் சுருளிக்கும் பரிசம்.

அண்ணன் கடையில் உட்கார்ந்து நெட்டில் வேலை தேடினாள் என்பது மட்டும் வெளியே தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்று தெரிந்தால் போதும். ஜீப் வாசலில்தான் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

சுருளி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவன். காலையிலிருந்து மெஷினைக் குடைந்து குடைந்து, இப்போதுதான் எழுந்தான்.

"ஒண்ணுமே இல்லப்பா. இன்னைக்குத்தான் வாங்குன மாதிரி இருக்கு."

அப்படித்தான் இருக்கும். சுரேஷ்கண்ணன் அப்படித்தான் கட்டியிருந்தான்.

"அண்ணே, நான் வேலைக்குப் போகணும்" என்று அவள் வந்து நின்ற அன்றைக்கே இந்த மெஷினில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டான். அதற்குள் அவளுக்கென்று ஒரு கூண்டு. பிரவுசர் அந்தக் கூண்டுக்குள் மட்டும் ஓடும். வெளியே இருக்கும் ஒரு ஃபைலைக்கூட அது தொட முடியாது. மற்ற எந்தப் புரோகிராமும் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. அவள் படிப்பது, எழுதுவது எதுவும் ஹார்டு டிஸ்க்கில் ஏறாது, மெமரியில் மட்டும் நிற்கும்.

மூடினால் போச்சு.

சும்மா வந்துவிடவில்லை. முதலில் பிரவுசர் ஓப்பனே ஆகவில்லை. ஏதோ லைப்ரரி ஃபைல் இல்லை என்றது, உள்ளே கொண்டுபோய் வைத்தான். ஃபான்ட் இல்லை என்றது, அதையும் வைத்தான். ஓடத் தொடங்கியதும் அவனே திருடனாகி உள்ளே நுழையப் பார்த்தான். மெமரி நிறைந்தால் மிச்சம் சத்தமில்லாமல் டிஸ்க்கில் வழிவதைக் கண்டுபிடித்தான். அதையும் அடைத்தான்.

எல்லாவற்றையும் அடைத்த பிறகு ஒரே ஒரு ஓட்டை மிச்சமிருந்தது.

அவன்.

மெஷினின் மொத்த அதிகாரமும் அவன் பாஸ்வேர்டில் இருந்தது. நினைத்தால் கூண்டுக்குள் பார்க்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், எரிகிற சூடத்தின் மேல் கைவைத்துப் பொய் சொல்ல அவனுக்கு வராது. மாமா கடைசியில் சூடத்தில்தான் வந்து நிற்பார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அதனால் அவள் உட்கார்ந்ததும் இவன் எழுந்து எதிர் டீக்கடைக்குப் போய்விடுவான்.

"எந்த ஊருன்னாச்சும் சொல்லிட்டுப் போறேண்ணே" என்று போன வாரம் வாயெடுத்தாள்.

இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "எங்கிட்ட மட்டும் சொல்லிராத ஆத்தா."

மாமா தீக்குச்சியைக் கிழித்தார். சூடம் பற்றிக்கொண்டது.

"அவ எங்கன இருக்கான்னு சத்தியமாத் தெரியாது மாமா."

உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். அணைந்தது. கையை உடனே எடுக்கவில்லை.

மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டைக்கூட எடுக்காமல் சுருளியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். கூட்டமும் பின்னாலேயே போனது. ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கத்த வேண்டும் போல இருந்தது சுரேஷ்கண்ணனுக்கு. ஒரு ஓட்டை இல்லை! எங்கேயும் ஒரு ஓட்டை இல்லை!

ராக்கையா மட்டும் போகவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிட்டே வந்தார். மகனின் கையைப் புரட்டி, சுட்டுச் சிவந்திருந்த இடத்தைத் தடவினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ஒம் மாமன் போயிட்டாகடா. சூடத்துல பொய் சொன்ன பாவம் என்னோட போகட்டும். எந்த ஊருன்னெல்லாம் எனக்குச் சொல்ல வேணாம். பத்திரமாப் போய்ச் சேந்துட்டாளா?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"சரி, வாயால சொல்லாத. நல்லாருக்கான்னா தலைய மட்டும் ஆட்டு. போதும்."

அவர் இன்னும் அவன் கையை விடவில்லை.

அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லாத மெஷினைச் சுரேஷ்கண்ணன் திரும்பிப் பார்த்தான்.

பிறகு தலையை ஆட்டினான்.