கதவு நிலையில் ஒரு கோடு

அந்தப் பழைய பிரெஞ்சு வீடு கையைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது தரகருக்கு. வீடு பார்க்க வந்த தம்பதி கூடவே ஒரு மேஸ்திரியையும் அழைத்துவந்திருந்தார்கள். அவர் கதவு நிலையைச் சுரண்டினார். வெள்ளைக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் நீலம். ஒவ்வொரு பூச்சிலும் இடுப்புயரத்தில், அதே இடத்தில், ஒரு பென்சில் கோடு.

“பிள்ளைங்க உயரம் அளந்திருப்பாங்க,” என்றார் தரகர்.

“குடியிருந்தவங்க பிள்ளைங்க அத்தனை பேரும் ஒரே உயரமா?” என்றாள் மனைவி. “மறைக்காம சொல்லுங்க.”

தரகர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “வீட்டைக் கட்டினவரோட பொண்ணு மேடம். காய்ச்சல்ல இங்கேயே போயிடுச்சு. யார் புதுசா பெயின்ட் அடிச்சாலும் மறுநாள் அந்தக் கோடு வந்துடும். மாடியில சிரிப்புச் சத்தம்கூடக் கேக்குமாம்.”

“கிளம்பு,” என்றான் கணவன். “கூரை ஒழுகுது, சுவர் பிளந்திருக்கு, இப்ப இது வேறயா? சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.”

அவள் அசையவில்லை. “இங்கே செத்தவங்க இங்கேயே இருந்துடுவாங்களா?”

“அப்படித்தான் பேசிக்கறாங்க,” என்றார் தரகர். வியாபாரம் போயே போய்விட்டது.

“வீட்டை நாங்க எடுத்துக்கறோம்,” என்றாள் அவள். “மேஸ்திரி, கூரையெல்லாம் மெதுவா ஆகட்டும். ஒரே ஒரு ரூமை மட்டும் இந்த வாரமே சரிபண்ணிக் கொடுங்க.”

“அப்படி என்னம்மா அவசரம்?”

அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா இந்த மாசம் தாண்டமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரே. அதுக்குள்ள அவளை ஆஸ்பத்திரியிலேர்ந்து இங்கே கொண்டுவந்துடணும்.”