வாத்து எலும்பின் ஒற்றைச் சுரம்

ஆங்கிள்சித் தீவின் சின்ன அருங்காட்சியகத்தில், வெள்ளை அங்கியிலிருந்து மழைநீர் சொட்ட எம்ரிஸ் நிற்கிறார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஆறு வருடமாகத் துரூயிட் என்ற பழங்காலப் பூசாரி மரபைப் பின்பற்றும் பூசாரி. காப்பாளரான நான், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: "இந்த எலும்புக் குழல் துரூயிடுகளுக்கு ரெண்டாயிரம் வருஷம் முந்தினது, ஐயா." "அவங்கதான் எதையுமே எழுதி வைக்கலையே மெரெரிட், இது அவங்களோடது இல்லேன்னு நீ எப்படிச் சொல்லுவே?" என்கிறார். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, வருபவர்கள் தொட்டுப் பார்க்க, வாத்து எலும்பில் நானே குடைந்த நகல் கிடக்கிறது. பதினோரு வருடமாக நான் ஊதி வெறும் காற்றுதான் வந்திருக்கிறது. அவர் அதை எடுத்து, அங்கியில் துடைத்து, ஊதுகிறார். தெளிந்த ஒற்றைச் சுரம் கூடம் முழுக்க நிற்கிறது. சுற்றுலாக் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்கிறது. "கேட்டியா?" என்கிறார். நான் எழுதிய விவர அட்டையில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதன்மேல்தான் அவருடைய ஈர முழங்கை ஊன்றியிருக்கிறது.