அளவுக்கு ஓர் ஆள்

பயணப் பட்டியலில் ஒரு கட்டம் மட்டும் காலி.

ஏழு பெயர்கள். ஆறு பாஸ்போர்ட் எண்கள்.

அவள் அதைத் திரையில் சுருக்கிவிட்டு வரைபடத்தைத் திறந்தாள். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

கடல் கடந்த ஒரு நகரத்தில் உலகக் கண்காட்சி. அங்கே இந்தியாவுக்கு ஓர் அரங்கு; வடிவமைப்பது அவள் வேலை பார்க்கும் நிறுவனம். மூங்கில், கயிறு, பருத்தித் துணி. மொத்தமும் இரண்டு கன்டெய்னருக்குள் அடங்கிவிடும். தரையில் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது என்பது அங்கே விதி.

குழி இல்லாமல் கூரையைக் காற்றில் நிறுத்துவது எப்படி என்று அலுவலகமே மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது.

வழி சொன்னவள் அவள்தான். கூரைக் கயிறுகளில் தண்ணீர்க் குடங்களைக் கட்டிவிடுவது. நிரப்பினால் நிற்கும். கொட்டிவிட்டால் மடித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

"எங்கேர்ந்து புடிச்சே இதை?" என்று கேட்டார் நிறுவனத் தலைவர் தணிகாசலம்.

"ஒரு எடத்துல பாத்தேன் சார்."

இலங்கையின் மன்னாரிலிருந்து போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்களுக்கு, முப்பத்துநான்கு வருடம் முன்பு, தற்காலிகமாகப் போட்ட வரிசை வீடுகள். தார்ப்பாய்க் கூரை. அவள் பிறந்தது அங்கேதான். புயல் என்றால் அம்மா தெருக் குழாயில் குடம் குடமாகப் பிடித்து வந்து தார்ப்பாய்க் கயிறுகளில் கட்டுவாள்.

மதியம் அம்மா போனில் கேட்டாள்.

"எத்தினை நாளைக்குப் பிள்ளை அந்தக் கொட்டில்?"

"தற்காலிகம்தான் அம்மா."

"தற்காலிகமெண்டா எத்தினை வருசம்?"

"ஆறு மாசம்."



"சொன்ன நாளுக்குக் கழட்டுவினமோ?"

"கழட்டுவினம்."

"கெட்டிக்காரர்தான்."

பிறகு, "நீயும் போறியோ?" என்றாள்.

"பாப்பம் அம்மா."

வரைபடத்தில் அளவுக்கு ஓர் ஆள் மட்டும் பாக்கி. கூரையின் உயரம் பார்ப்பவருக்குப் புரிய, ஒரு மனித உருவம் அருகில் நிற்க வேண்டும். அலுவலகக் கணினியில் தயாராக இருக்கிறார்கள். கைப்பெட்டியுடன் ஒருவர். தொப்பி போட்ட ஒருத்தி. நாயோடு ஒரு குடும்பம்.

அவள் யாரையும் எடுக்கவில்லை.

தானே வரைந்தாள். கொண்டை. இடுப்பில் குடம். இடது தோள் சற்று இறக்கம். ஐந்தடி. அம்மாவை அளக்கத் தேவையில்லை, தன்னைவிட இரண்டு அங்குலம் குறைவு.

கூரைக்கு வெளியே, வாசலோரமாக நிறுத்தினாள்.

பின்னால் நாற்காலி இழுபட்டது. தணிகாசலம்.

"உன் கட்டம் மட்டும் காலியா இருக்கேம்மா. நீ வரலேன்னா அத்தனை குடத்தையும் யாரு கட்டுறது? எனக்கு ஷூ லேசே கட்ட வராது."

"எங்கிட்ட பாஸ்போர்ட் இல்ல சார்."

"தட்கல்ல போடு. ஒரு வாரத்துல வந்துடும்."

"எங்களுக்குத் தர மாட்டாங்க சார். நான் முகாம்."

மாதத்தில் ஒரு நாள் அவள் எதற்கு லீவு எடுக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. முகாமில் தலை எண்ணும் நாள் என்று அவளும் சொன்னதில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார்.

"யாரு இது?"

"அளவுக்கு, சார்."

அவர் அந்த இடுப்புக் குடத்தைப் பார்த்தார். கூரைக் கயிறுகளில் தொங்கிய குடங்களைப் பார்த்தார்.

"வெயில்ல நிக்கிறாங்களே," என்றார். "உள்ள கூட்டிட்டு வா."

எழுந்து போய்விட்டார்.

அவள் உருவத்தைக் கூரைக்குக் கீழே நகர்த்தினாள். நட்ட நடுவில், நிழல் விழும் இடத்தில்.

ஐந்தாக இன்னும் நான்கு நிமிடம்.

பக்கத்தில் இன்னோர் உருவம் வரைந்தாள்.

ஐந்தடி இரண்டு அங்குலம்.