தாண்டினால் கையெழுத்து

“ஐயோ, கையை விட்டுடாத! விழுந்துடுவேன்!”

“கையை விட்டு அஞ்சு நிமிஷமாச்சு. நீயாத்தான் நின்னுட்டிருக்க,” என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

அவள் கண்முன்னே கரியைப் பூசியதுபோல் ஒரே இருட்டு. கையில் ஒரு மடக்குக் குச்சி. காலடியில் நடைபாதையின் விளிம்பு. அதற்கு அப்பால் பஸ்ஸும் லாரியும் மோட்டார் சைக்கிளுமாகப் பேயாட்டம் போடும் ரோடு.

எதிர்ப்பக்கம் மருத்துவமனை. அங்கே தொலைபேசி எடுத்துப் பேசும் வேலை காத்திருக்கிறது. இந்தப் பக்கத்துத் தெருவில் தங்குவதற்குத் தனி அறையும் பார்த்தாகிவிட்டது. குறுக்கே கிடப்பது இந்த ரோடு மட்டும்தான்.

“இன்னிக்கு இதைத் தாண்டினாத்தான் படிவத்துல கையெழுத்து. கையெழுத்து விழலைன்னா வேலையும் இல்ல, ரூமும் இல்லன்னு பயிற்சி மையத்துல சொல்லிட்டாங்க. பேச்சு மாறக் கூடாது,” என்றாள், பின்னால் நின்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள்.

“வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுலயே இருந்துட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?”

“எத்தனை நாளைக்கு?”

அதை நினைத்தால் ரோட்டைவிடப் பயமாக இருந்தது.

“காதை நம்பு. குறுக்கே போற வண்டியெல்லாம் நிக்கணும். அப்புறம் நம்ம பக்கத்துல, நம்ம திசையில போற வண்டிங்க கிளம்பும். அந்தச் சத்தம் கேட்டதும் இறங்கு.”

சொல்லிவிடுவது சுலபம்! அவள் காதில் விழுந்ததெல்லாம் தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம்தான்.

“பயமா இருக்கு.”

“பயந்துக்கிட்டே நட. பயம் போற வரைக்கும் நின்னா சாயங்காலம் ஆயிடும்.”

குறுக்கே ஓடிய வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.

“இப்ப இறங்கு!”

இறங்கினாள். குச்சியைத் தட்டித் தட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிகளை எண்ணிக்கொண்டே போனாள். பத்தாவது அடியில், காதோரமாக ஒரு மோட்டார் சைக்கிள் கிறீச்சிட்டு நின்றது. அவ்வளவுதான், எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியவில்லை.

“நான் செத்தேன்! கையைக் குடு, திரும்பிப் போயிடலாம்!”

“நடு ரோட்டுல நிக்காத! குச்சியை நீட்டு. என் குரல் வர்ற பக்கமா வா. பக்கத்துலதான் இருக்கேன், வா!”

அந்தக் குரலில் துளி நடுக்கம் இல்லை. குரல் மெல்ல முன்னே நகர, அதை விட்டுவிடாமல் காலை இழுத்து இழுத்து வைத்தாள். பதினெட்டு, பத்தொன்பது... குச்சி எதிலோ இடித்தது.

“நடைபாதை வந்தாச்சு. ஏறு.”

ஏறியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் தொப்பலாக வியர்வை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“தினம் ரெண்டு தடவை இதையா தாண்டணும்? இது நடக்கிற காரியமா?”

“நான் மூணு மாசமா தாண்டிட்டுத்தானே இருக்கேன்! பேசினபடி இன்னிக்கு உன்னையும் தாண்ட வச்சாச்சு. கண்ணுல கட்டின துணியை அவுத்துட்டுச் சம்மதக் கையெழுத்தைப் போடும்மா,” என்றாள் பார்வையில்லாத மகள், தன் குச்சியை மடக்கிவிட்டு அம்மாவின் தோளைத் தடவிக் கண்டுபிடித்தபடி.

கூடவே ஓசையில்லாமல் நடந்து வந்திருந்த பயிற்சி மைய ஆசிரியர் படிவத்தை நீட்ட, அம்மா கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.