புருவம் வரைக்கும்

"பின்னால படிப்படியா ஏத்திக் குட்டையா வெட்டுங்கக்கா. முன்னால நெத்தியே தெரியாம புருவம் வரைக்கும் அடர்த்தியா விழணும். போன வருஷம் வெட்டின மாதிரியே."

பார்லர் அக்கா எடுத்த கத்தரியைக் கீழே வைத்தாள். "அந்த வெட்டு எடுப்பாவே இல்லைன்னு நீதானே அழுதே? இப்பதான் முடி வளர்ந்து முகம் முகமா இருக்கு."

"அதுதான் வினை. நெத்தியைக் காட்டிக்கிட்டுப் போனா நான் யாருன்னே தெரியலையாம். மூணு நாளா கதவு திறக்கலை. இன்னிக்கும் இப்படின்னா என் பொழப்பு போச்சு."

"தினம் பார்த்த முகம் தெரியலையாமா? நல்லா இருக்கே நியாயம். பெரியவங்க யாரும் கேக்கலையா?"

"சொல்லிப் பாத்துட்டேன். நீதான் அனுசரிச்சுப் போகணும்கிறாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி முடித்த அக்கா, போர்வையை உதறிவிட்டுச் செருப்பை மாட்டினாள். "நடம்மா, நானும் வரேன். அந்த ஆளை நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

"பக்கத்துத் தெருதான். வந்து பாருங்க."

அது ஒரு அலுவலக வாசல். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வருகைப் பதிவுக் கருவி. முடி வெட்டிக்கொண்டவள் அதன் முன் குனிந்து முகத்தைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது.

"இதுக்கா?" என்றாள் அக்கா.

"இதுக்குத்தான். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, இதே வெட்டோட பிடிச்ச படம்தான் உள்ளே இருக்கு. மாத்தறதுக்கு அனுமதி வரலையாம்."

கருவி கனிவான குரலில் பேசியது. "வணக்கம். தாமதமாக வந்துள்ளீர்கள். அரை நாள் விடுப்பு பதிவாகிறது."