பல்பு மங்கும் நேரம்

எங்கள் மாவு மில்லுக்கு ஒரு பேஸ் கரண்டுதான். அதை மூன்றாக்கும் கன்வெர்ட்டர் மோட்டார் ஓடத் தொடங்கும்போது பல்பு செத்துப்போய், திரும்ப உயிர்பிடிக்கும். அந்த இருட்டில்தான் அப்பா அம்மாவை அடிப்பார். தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி பல்பைப் பார்ப்பார்கள். வெளிச்சம் வரும்போது அம்மா மாவுக்கையால் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"கரண்டே சரியில்லடி," என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற பவுனு அத்தை.

"கரண்டுக்கு ஒண்ணுமில்ல அத்தை. நின்ன மோட்டார் எழும்புறப்ப ஆறு மடங்கு கரண்ட இழுக்கும்," என்றேன்.

அப்பா சிரித்தார். "நாலு வருசம் காலேஜுல இதத்தான் படிச்சியா? வா எஞ்சினியரம்மா, நீயே சுவிட்சப் போடு. நான் இவளக் கவனிக்கிறேன்."

போனேன். இடது கையால் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். வலது கையில் பெல்ட்டை நெம்பும் இரும்புக்கம்பி இருந்தது. கன்வெர்ட்டர் உறுமியது. அப்பா எனக்கு முதுகைக் காட்டி அம்மாவின் கொண்டையைப் பிடித்திருந்தார். பல்பு மங்கியது.

வழக்கம்போல எல்லோரும் தலையைத் தூக்கி பல்பைப் பார்த்தார்கள்.